சாப்பிட்ட பிறகு

அந்தப் பகுதியில் அவளுக்கு ‘மாத்திரை’ என்றுதான் பெயர். அங்கே இருந்த ஒரே மருந்துக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளி கண்ணயரும் நேரத்தில் கல்லாவையும் பார்த்துக்கொண்டவள். பெயிண்டர் அப்பாவுக்கு ஒரே மகள். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

மருந்துக்கடைகள் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்களிலிருந்து ஆளெடுத்து, மருந்தாளுநர் படிப்புப் படிக்கவைத்து, அங்கேயே திருப்பி வேலைக்கு அனுப்பும் உதவித்தொகை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. கட்டணம், விடுதி, புத்தகம், வெள்ளைக் கோட்டு வரைக்கும் யோசித்துக் கொடுத்த புண்ணியவான்கள், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள். அப்பாதான் விடவில்லை.

“ஒத்தை ஆளுக்கு எவ்வளவு வேணும்? நீ கிளம்பும்மா” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

விடுமுறைக்கு வந்தபோது அவர் நொண்டிக்கொண்டே கதவைத் திறந்தார். வேலை செய்த இடத்தில் காலில் ஆணி ஏறியிருந்தது. சுற்றியிருந்த துணியைப் பிரித்தால், புண் சீழ்பிடித்திருந்தது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“மாத்திரையை ஒழுங்கா போட்டா கால் தப்பிக்கும். விட்டுட்டா என் கையில இல்ல” என்றார் டாக்டர்.

கல்லூரிக்குத் திரும்புமுன் அப்பாவுக்குப் பாடமே எடுத்தாள். “மூணு வேளையும் சாப்பிட்ட பிறகு ஒண்ணு. வெறும் வயித்துல மட்டும் போட்டுடாதீங்க, வயிறு புண்ணாயிடும்.”

“சரிங்க டாக்டரம்மா” என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.

தினமும் போனில் கேட்டாள். “சாப்பிட்டதும் போட்டுட்டேம்மா” என்பார். அவளும் நிம்மதியாகப் பாடத்தைப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் கடை முதலாளி கூப்பிட்டார். அப்பா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததாகவும், ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். அடித்துப் பிடித்து ஓடினாள். மருந்து சாப்பிட்ட கால் மாதிரியே இல்லை என்று டாக்டர் எரிந்து விழுந்தார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினால், மாத்திரை அட்டைகள் பாதிக்கு மேல் பிரிக்கப்படாமலே இருந்தன.

அவர் கண் விழித்ததும், “ஏம்ப்பா பொய் சொன்னீங்க?” என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “உங்கிட்ட எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்? சாப்பிட்டப்பல்லாம் போட்டேன்.”

ஏணி ஏற முடியாதவருக்கு வேலை ஏது, வேலை இல்லாத வீட்டில் மூன்று வேளைச் சோறு ஏது? கடையில் நின்ற காலத்தில், “காலையில சாப்பிடுவீங்களா?” என்று கேட்காமல் அவள் யாருக்கும் மாத்திரை கொடுத்ததில்லை. பெற்ற தகப்பனிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. விடுதியில் மணியடித்தால் மூன்று வேளையும் தட்டு நிறைந்தது. அவளுக்கு அது பழகிவிட்டது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி என்ன, காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கத்தான் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

மறுநாள் நர்ஸ் புது மாத்திரைகளைக் கட்டிலருகில் வைத்து, “மூணு வேளை, சாப்பிட்ட பிறகு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அப்பா மகளின் கையைத் தொட்டுக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இங்க மூணு வேளையும் சாப்பாடு போடுவாங்களா?” என்று, நர்ஸ் காதில் விழாதபடி கேட்டார்.