இடது காதுக்குக் கேட்டது

யின்திக்கு இடது காது போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வலியில்லை, மயக்கமில்லை. குழாயைத் திறந்தாள், தண்ணீர் வலது பக்கம் மட்டும் விழுந்தது. இடது பக்கத்தில் எங்கேயோ தூரத்து வீட்டில் கெட்டில் கொதிப்பதுபோல ஒரு விசில். அவ்வளவுதான்.

சீனாவின் அன்சிங் நகரத்துப் பள்ளி ஒன்றின் சமையல்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேல் ஏறி நிற்கும் குரல். பெற்றவர்கள் அவளுக்கு யின்தி என்று பெயர் வைத்ததே அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டுமென்றுதான். தம்பியை அழைத்து வருகிறவள் என்று அர்த்தம். அவளும் மூன்றே வருடத்தில் அழைத்து வந்துவிட்டாள். வந்தவன், ஃபூகென், ஒரு நாளும் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. லவுட்ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவான்.

முந்தின நாள் அவனோடுதான் போனில் சண்டை. அவனுக்கு ரத்த அழுத்தம் உச்சியில் நின்றது.

"மாத்திரையைப் போடுடா, குடியை விடுடா."

"மாத்திரை போட்டா சாராயம் ருசிக்க மாட்டேங்குது லவுட்ஸ்பீக்கர்."

"சிரிக்காதடா! இனிமே உன் குரலே என் காதுல விழ வேணாம்!"

கத்திவிட்டு வைத்தாள். போன் இருந்தது இடது காதில்.

கணவர் வெய்ஷான் காது போன அன்று காலையே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாத மனிதர். ஏழு நாள் ஊசியும் டிரிப்பும் ஏறின. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது, கேட்கும் சக்தி கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். மறுநாளே வெய்ஷான் அவளைச் சீன வைத்தியம் பார்க்கும் டாக்டர் பியானிடம் கூட்டிப்போனார். நாற்பது வயதுப் பெண். கையில் எந்நேரமும் தேநீர்க் குடுவை.

டாக்டர் நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். "காது போறதுக்கு முந்தின நாள் யார்கிட்டயாவது கோவப்பட்டீங்களா?"

"இல்லை" என்றாள் யின்தி.

"தெருவே கேட்டுச்சு டாக்டர்" என்றார் வெய்ஷான்.

டாக்டர் சிரிக்கவில்லை. காதைச் சுற்றி ஊசிகளைக் குத்திக்கொண்டே சொன்னாள்: "கோவம் வந்தா ஈரல்ல இருந்து சூடு தலைக்கு ஏறும்னு எங்க வைத்தியம் சொல்லுது. பத்து மணிக்குள்ள படுக்கணும். மிளகாய், மது, ஐஸ் கிடையாது. சாயங்காலம் வெந்நீர்ல கால் வச்சு உக்காரணும். தினம் ரெண்டு வேளை உள்ளங்கையால காதைப் பொத்திக்கிட்டு, பின்மண்டையில விரலால முப்பது தட்டு. போனைக் காதுல வைக்கவே கூடாது, நல்ல காதுலயும்தான். யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா எழுதிச் சொல்லட்டும்."

பிறகு வெய்ஷான் பக்கம் திரும்பினாள். "இதையெல்லாம் விட முக்கியம், மூணு மாசத்துக்கு இவங்களுக்குக் கோவம், அதிர்ச்சி, துக்கம் எதுவும் வரக் கூடாது. அது உங்க பொறுப்பு."

அவர் பள்ளிப் பையன்போலத் தலையாட்டினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, சண்டைக்குப் பிறகு முதல் முறையாக, தம்பியிடமிருந்து செய்தி வந்தது. எழுத்துச் செய்தி. *அக்கா, உடம்பு எப்படி இருக்கு? டாக்டர் சொன்னபடி நடக்கணும்.*

யின்தி அதை மூன்று தரம் படித்தாள். "பாத்தியாய்யா, காது போனதும் மரியாதை கூடிப்போச்சு. அக்காவாம்!"

வெய்ஷான் கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

சனிக்கிழமை அவர் பழைய சகா ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்று அதிகாலையிலேயே போய்விட்டார். சாயங்காலம் யின்தி தனியாக வாளி வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. அப்போது இடது காதில் விசில் நின்றது. பன்னிரண்டு நாளாக ஒரு நொடி நிற்காதது, துண்டாக நின்றது. அந்த அமைதிக்குள்ளிருந்து, தோளுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னதுபோல, "ஏ லவுட்ஸ்பீக்கர்" என்றது தம்பியின் குரல்.

திரும்பிப் பார்த்தாள். துணி காயும் கொடியைத் தவிர ஒன்றுமில்லை. விசில் மறுபடி ஆரம்பித்தது. வெந்நீர் ஆறிப்போகும்வரை அவள் காலை எடுக்கவில்லை.

வெய்ஷான் வந்ததும் சொன்னாள். அவர் சட்டையில் புகை நாற்றம் அடித்தது. கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர், செருப்பைக் கழற்ற மறந்து வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"போன காது இப்படித்தான் ஏமாத்தும்" என்றார் கடைசியில்.

அதன் பிறகு தினமும் செய்தி வந்தது. *அக்கா, கால் வெந்நீர்ல வச்சாச்சா? அக்கா, தலையைத் தட்டினீங்களா?* அவளும் தடவித் தடவி எழுதினாள். உன் அத்தான் வைக்கும் கஞ்சியில் உப்பே இல்லை, அந்த ஆள் முகத்தைப் போலவே இருக்கிறது என்று ஒரு நாள் எழுதினாள். மறுநாள் கஞ்சியில் உப்பு இருந்தது. ஆற்றங்கரையில் மெல்ல நடந்தாள். ஆத்திரம் வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். நாலாவது வாரம் எழுதினாள்: *அன்னிக்கு நான் சொன்னது தப்புடா. உன் குரல் கேக்காம இருக்க முடியல.*

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. *நான் அதை அன்னிக்கே மறந்துட்டேன் அக்கா. நீங்களும் மறந்துடுங்க.*

அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஏழாவது வாரம் ஒரு முற்பகல். இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சிக்குப் போட டாக்டர் சொல்லியிருந்தாள். யின்தி போனை எடுத்து, *ஞாயித்துக்கிழமை வாடா, நேர்ல பேசுவோம்* என்று எழுதி அனுப்பினாள்.

இடது பக்கத்தில் ஏதோ உறுமியது.

மெல்லிய சத்தம், மரத்தின் மேல் வண்டு ஊர்வதுபோல. காதுதான் மறுபடி விளையாடுகிறது என்று நினைத்தாள். *டேய்* என்று ஒரு வார்த்தை அனுப்பினாள். உறுமியது. இன்னொரு முறை அனுப்பினாள். உறுமியது. ஏழு வாரத்தில் இடது காது வெளியிலிருந்து கேட்ட முதல் சத்தம் அது. நாற்காலி முதுகில் தொங்கிய வெய்ஷானின் மேல்சட்டைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

வெய்ஷான் வால்நட்டை உடைப்பதை நிறுத்தியிருந்தார். தலை நிமிரவில்லை.

யின்தி எழுந்து சட்டைப் பைக்குள் கைவிட்டாள். மூலையில் விரிசல் விழுந்த போன். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். திரையில், 'லவுட்ஸ்பீக்கர்' என்ற பெயரில் மூன்று புதுச் செய்திகள்.

"எப்போ?" என்றாள்.

"நீ வீட்டுக்கு வந்த வாரம், வியாழக்கிழமை. மீன் வாங்கப் போன இடத்துல. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட..."

"எரிச்சது?"

"சனிக்கிழமை."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வெய்ஷான் பாதி எழுந்தார். "டாக்டர் சொன்னாங்க யின்தி. துக்கம் கூடாதுன்னு. இன்னொரு காதும் போயிடுமோன்னு பயந்துட்டேன். மெய்ஜூகிட்ட நான்தான் போனைக் கேட்டு வாங்கினேன்."

மெய்ஜூ ஃபூகெனின் மனைவி.

"அவனை நெருப்புல வைக்கிறப்போ நான் இங்க வெந்நீர்ல கால் வச்சு உக்காந்திருக்கேன்."

"ஆமா."

"அன்னிக்கே மறந்துட்டேன்னு எழுதினது?"

அவர் கையிலிருந்த வால்நட்டைக் கீழே வைத்தார்.

"என்னை மன்னிச்சது யாருய்யா? சொல்லு. யாரு?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். உள்ளங்கையால் வால்நட் ஓடுகளைக் கூட்டிக் குவித்தாள். குவித்ததையே மறுபடி கூட்டினாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு இரண்டு பேரும் ஆற்றைக் கடந்து தம்பி வீட்டுக்குப் போனார்கள். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி வைத்தாள், முற்றத்தில் அவன் செலவுக்கென்று காகிதப் பணம் எரித்தாள். அழுகை உடனே வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, மெய்ஜூவோடு கிண்ணம் கழுவும்போது வந்தது. அது நின்றதும் கேட்டாள்.

"எனக்குக் காது போச்சுன்னு கேள்விப்பட்டப்போ அவன் என்ன சொன்னான்?"

மெய்ஜூ கையைத் துடைத்தாள். "பொய் சொல்லட்டுமா அக்கா, நெஜத்தைச் சொல்லட்டுமா?"

"பொய் கேட்டது போதும்டி."

"ஒண்ணும் சொல்லல. பாத்துக்கிட்டிருந்த டிவியோட சத்தத்தைக் குறைச்சார். நீங்க டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் குறைச்சேதான் வச்சிருந்தார்."

யின்தி அதை மனதுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமா, பயமா, வருத்தமா என்று பிடிபடவில்லை.

வெய்ஷான் போனை மெய்ஜூவிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நீங்க எழுதினதையெல்லாம் வெய்ஷான் அண்ணன் தினமும் எனக்குப் படம் எடுத்து அனுப்புவார், அக்கா. என் வீட்டுக்காரர் எங்கயோ வேலைக்குப் போயிருக்கார், அக்காகூட வம்பு பேசிக்கிட்டிருக்கார்னு தோணும். சாப்பாடு இறங்கும்." கொஞ்சம் தயங்கினாள். "நிறுத்திடாதீங்களேன்."

யின்தி கழுவின கிண்ணங்களை அடுக்கினாள்.

இடது காதில் கேட்கும் சக்தி பாதிக்கு மேல் திரும்பி வந்தது. டாக்டர் பியான் அதற்கு மகிழ்ந்தாள். விசில் மட்டும் தங்கும் போலிருக்கிறது என்றாள். கோபப்பட்டீர்களா என்று இந்த முறை அவள் கேட்கவில்லை. வெய்ஷானோடு யின்தி பேசினாள். உப்பு, துணி, மின்கட்டணம் இவ்வளவே. அவர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய வாரம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, காலியான கூடத்தில் அவள் போனில் தம்பியின் பெயரைத் திறந்தாள். அவனுடைய படம்: ஆற்றங்கரை, கையில் மீன், வாய் முழுக்கப் பல். *சாப்பிட்டியாடா* என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பினாள்.

படத்துக்கு மேலே, *எழுதிக்கொண்டிருக்கிறார்* என்ற வரி தோன்றியது. நின்றது. மறுபடி தோன்றியது. யின்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.