கொதித்த தண்ணீரில் ஒரு சில்லு ஐஸ்

எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று சூரியன் புரண்டு படுக்கும் நேரத்திலேயே ஐஸ் கம்பெனியில் அடிதடி தொடங்கிவிடும். மனிதனுக்கும் மனிதனுக்கும் அல்ல, மனிதனுக்கும் ஐஸுக்கும். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் உறைந்து கிடக்கும் இரும்பு டின்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்ப்பார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு ஐஸ் பார், பெற்றவளை உதைத்துக்கொண்டு பிறக்கும் முரட்டுப் பிள்ளைபோலத் தடாலென்று விழுந்து தரையில் பாயும். குறுக்கே நின்றவன் முழங்கால் அத்தோடு சரி. கம்பெனியில் நேராக நிற்கிற கால் நாலைந்துதான் இருக்கும். அதில் ஒன்று முதலாளியின் மேஜைக்கால்.

அந்த முரட்டுப் பிள்ளைகளை அடக்கி லாரியில் ஏற்றுவது கொக்கியக்காவின் வேலை. உடம்பு ஐந்தடிகூடக் கிடையாது. குரல் மட்டும் ஒன்பதடி. அவள் இரும்புக் கொக்கியை ஓங்கினால் ஐஸ் பயத்திலேயே பிளந்துவிடும் என்று லாரிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அவள் புருஷன் நெட்டை, டின்களில் தண்ணீர் பிடிப்பவன். அவனுக்குக் கோபமே வராது. கொசு கடித்தால்கூட, அது கடித்து முடிக்கட்டும் என்று கையை அசைக்காமல் நிற்பான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு உடைந்த மூலையைத் தலைத்துணியில் முடிந்துகொண்டு கிளம்புவார்கள். கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் வரிசை வீடுகளில் பிள்ளைகள் அதற்காகவே காத்து நிற்கும். வேறெந்தத் தகப்பன் பிள்ளைக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து தின்னக் கொடுக்கிறான்? அந்தப் பெருமை வரிசைக்கு உண்டு.

அன்றைக்குக் கொக்கியக்கா ஒரு பாரைச் சறுக்குப் பலகையின் உச்சியில் கொக்கியில் பிடித்து நிறுத்தியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அக்கா! சிட்டு கண்ணு சொருகிட்டா! வாந்தி நிக்கல, ரத்தமா போகுது!"

சிட்டு அவள் மகள். முந்தின நாளிலிருந்தே வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு வராவிட்டால் கொக்கி வேறு கைக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பலகையின் அடியில் மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். "லோடு ஏத்திட்டுப் போ. புள்ளைக்கு வயித்தால போறது என்ன புதுசா? உங்க வரிசையில எதுக்குத்தான் போகல?"

"வழி விடுங்க மேஸ்திரி."

"கொக்கிய வெச்சுட்டுப் போனா திரும்ப வராத."

அவள் கொக்கியை வைக்கவில்லை, உருவினாள். பிடி விட்ட பார் மேஸ்திரியின் இரண்டு காலையும் வாரி, அவரை முதுகில் சுமந்துகொண்டு லாரிக்குள் போய் முட்டியது. அன்றைய முதல் லோடு அவர்தான். எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டு ஐஸ் மிஷினின் அம்மோனியா வாடைகூட ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்றது என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளை. சிட்டுவின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. உதடு தோல் உரிந்து வெடித்திருந்தது. டாக்டரம்மா ஊசியைக் கையில் குத்தினாள், நரம்பு கிடைக்கவில்லை. காலில் குத்தினாள், கிடைக்கவில்லை. கடைசியில் நெற்றியோரம் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் நெட்டைதான் துடித்தான். பிள்ளைக்குத் துடிக்கவும் தெம்பில்லை.

"வயசு ரெண்டா?"

"நாலு முடியுதும்மா," என்றாள் கொக்கியக்கா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் திங்கிறா. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"எப்படி ஒட்டும்? திரும்பத் திரும்பக் கிருமி போயிக் கொடலே புண்ணாக் கெடக்கு. நீங்க போடற சோறெல்லாம் அந்தப் புண்ணைத் தாண்டி வெளிய ஓடிப்போகுது. என்ன தண்ணி குடுக்கறீங்க?"

"கொதிக்க வெச்சுத்தாம்மா! எங்க வரிசையில கொதிக்காத தண்ணி நாய்க்குக்கூடக் கெடையாது."

"கொதிச்சதை எதுல ஆற வெப்பீங்க?"

கொக்கியக்காவுக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "ஆற வெக்கறதா? நாங்க ஐஸ் கம்பெனி ஆளுங்கம்மா. ஒரு சில்லு போட்டா கண்ணச் சிமிட்டறதுக்குள்ள ஜில்லுன்னு ஆயிடும்."

டாக்டரம்மாவின் கை நின்றது.

"ஐஸ்ல கிருமி சாகாதும்மா," என்றாள் மெதுவாக. "தூங்கும். வயித்துக்குள்ள போனதும் முழிச்சுக்கும்."

நெட்டை சுவரில் தலையை மோதினான். ஒரு முறையல்ல, பல முறை. சுண்ணாம்பு உதிர்ந்து அவன் முகத்தில் ரத்தத்தோடு குழைந்தது. "நான்தானடி புடிச்சேன்! நான்தானடி முடிஞ்சுட்டு வந்தேன்! என் கையாலயே குடுத்தேனே!"

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "செவுத்த ஏன்யா இடிக்கிற? அது என்ன பண்ணுச்சு? டின்னுல புடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது?"

"குழாயத் தெறந்தா வருது."

"குழாய்க்குப் பின்னால?"

"பம்பு ரூமு. பூட்டியிருக்கும். சாவி மேஸ்திரிகிட்ட."

சிட்டுவின் அருகில் பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவைத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். பிள்ளையை அப்படி விட்டுவிட்டு வந்த அந்த நடையைத்தான் கொக்கியக்கா சாகும்வரை மறக்கமாட்டாள். ஆனால் கட்டிலருகே நின்று அழுவதற்கு அவளிடம் கண்ணீர் இருந்ததே தவிர, பொறுமை இல்லை.

பம்பு ரூம் பூட்டு அவள் கொக்கிக்கு ஒரே வாய். உள்ளே ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்து கருகி, சிலந்திகள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்திய கோலத்தில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய ரப்பர் குழாய் சுவரிலிருந்த ஓட்டை வழியாக வெளியே போனது. பூட்டு உடைந்த சத்தத்துக்குக் கூடிய ஆட்களோடு சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். குழாயின் வாய், கம்பெனிப் பள்ளத்தில் மேலாகத் தெளிந்து நின்ற தண்ணீரில் ஊறிக் கிடந்தது. வரிசை வீடுகளின் கக்கூஸ்கள் அத்தனையும் வந்து சேர்கிற பள்ளம் அது.

ஒருத்தன் குனிந்து வாந்தியெடுத்தான்.

ஐஸ் அரவை மிஷினில் இரண்டு விரலைக் கொடுத்தவர், அதனாலேயே அரவைக்காரர் என்று பேர் வாங்கியவர், பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மழையில் அவர் பையன் இதே கழிச்சலில் போனான். சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள்.

"கடைசியா ஐஸ் கேட்டான்," என்றார். "நாக்குல வெச்சேன். சிரிச்சான்."

சத்தம் போடாத அந்தக் குரல், கொக்கியக்காவின் ஒன்பதடிக் குரலைவிட உயரமாக எழுந்தது.

முதலாளியின் கார் புழுதியோடு வந்து நின்றது. பின்னாலேயே ஒரு வேனில் இரும்புக் குழாய் பிடித்த வெளியாட்கள். கழுத்து என்று ஒன்று கடவுள் வைக்க மறந்த உடம்புகள். மேஸ்திரி கட்டுப்போட்ட காலோடு வேனிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"யாரும்மா பூட்டை ஒடைச்சது?" என்றார் முதலாளி.

"நான்தான். உள்ள இருந்ததை யாரு வெச்சது?"

"மோட்டார் எரிஞ்சுபோச்சு. புதுசு வர்ற வரைக்கும் ஒரு ஏற்பாடு. இது மீன் ஐஸ்மா. செத்த மீனுக்கு வயித்தால போகுமா?" அவரே சிரித்துக்கொண்டார்.

"ஜூஸ் கடைக்குப் போற வண்டி யாரோடது? செத்த மீனா ஜூஸ் குடிக்குது?"

சிரிப்பு அறுந்தது. "கடைக்காரன் வாங்கறான், நான் விக்கறேன். உங்க புள்ளைங்களுக்கு ஐஸ் குடுன்னு நான் சொன்னேனா? கம்பெனிச் சரக்கைத் துணியில முடிஞ்சுட்டுப் போனது திருட்டு. இத்தனை நாளும் பாவம்னு விட்டேன். போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க," என்றார் அரவைக்காரர். "நான் திருடனது என் புள்ளையோட வயித்துல இருக்குது. தோண்டி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

கொக்கியக்கா பக்கத்திலிருந்த பாரில் ஒரு போடு போட்டாள். உள்ளங்கையகலத்துக்கு ஒரு சில்லு தெறித்தது. முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஒரு கடி கடிங்க முதலாளி. நாங்க அத்தனை பேரும் கொக்கிய எடுத்துட்டு வேலைக்குப் போறோம்."

"எனக்குச் சளி."

"சப்புங்க போதும்."

அவர் பின்வாங்கிக்கொண்டே கையைக் காட்டினார். இரும்புக் குழாய்கள் இறங்கின. முதல் அடி அரவைக்காரரின் மண்டையில். மனிதர் பார் மேலேயே சாய்ந்தார். வெள்ளை ஐஸில் ரத்தம் கிளை கிளையாக ஓடியது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. பார்கள் தரையில் பாய்ந்தன. குழாய் பிடித்தவர்கள் எருமைபோல வழுக்கி விழுந்தார்கள். ஐஸ் மேல் நிற்கப் பழகாத கால்களுக்கு அந்தத் தரை எதிரி. அங்கேயே பிழைப்பு நடத்தியவர்களுக்கு அதுதான் கூட்டாளி. இருந்தாலும் இரும்பு இரும்புதான். பற்கள் சிதறின. ஒருத்தன் தோள் இறங்கித் தொங்கியது. கொக்கியக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தது. கொக்கியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு லாரி டயரில் இறக்கினாள். டயர் போட்ட அலறலில் வெளியாள் ஒருத்தன் துப்பாக்கி என்று நினைத்து வேனுக்கடியில் புகுந்துகொண்டான்.

அப்போதுதான் சத்தம் நின்றது.

சண்டைச் சத்தமல்ல, மிஷின் சத்தம். இரவு பகலென்று பாராமல், பிறந்த குழந்தைகளுக்குத் தாலாட்டாக உறுமிக்கொண்டிருந்த பெரிய மிஷின் செத்ததுபோல நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். மெயின் சுவிட்சுக்கு முன்னால் முகமெல்லாம் காய்ந்த ரத்தத்தோடு நெட்டை நின்றான். கோபமே வராத நெட்டை.

"போடுடா அதை!" முதலாளி கத்தினார். "தொட்டி முழுக்கச் சரக்கு இருக்குடா! உருகிடும்டா!"

"உருகட்டும்."

ஒரே சொல். அவன் வாழ்நாளிலேயே முதலாளியிடம் பேசிய நீளமான வசனம் அதுதான்.

ஓங்கிய குழாய்கள் அவனை நோக்கி நகர்ந்தன. அதற்குள் சங்கிலி இழுப்பவர்களும், டின் கவிழ்ப்பவர்களும், உப்பு கொட்டும் பெண்களும், உடைந்த தோளும் உடைந்த பல்லுமாக அவன் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கொக்கி. வெளியாட்கள் முதலாளியைப் பார்த்தார்கள். பேசிய கூலி இவ்வளவுக்கும் சேர்த்து அல்ல என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. வேன் வந்த வழியே போனது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"புது மோட்டார். எங்க வரிசைக்கு நல்ல தண்ணிக் குழாய். புள்ளைங்க வைத்தியம். அதுவரைக்கும் ஒரு சில்லு வெளிய போகாது. ஜூஸ் கடைக்கும் நாங்களே போய்ச் சொல்லப்போறோம்," என்றாள் கொக்கியக்கா.

"போலீஸோட வர்றேன்."

"வாங்க. அவங்களுக்கும் ஒரு சில்லு எடுத்து வெக்கறோம்."

சாயங்காலம் கேட்டுக்குக் குறுக்கே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரர்களில் இரண்டு பேர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்தார்கள். அரவைக்காரர் மண்டைக் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, சிட்டுவைப் பார்த்ததாகச் சொன்னார்: சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு தடவை கண் திறந்தாள், விடிந்தால்தான் எதுவும் சொல்லமுடியும் என்கிறார் டாக்டரம்மா. கொக்கியக்கா முறிந்த கையை மடியில் கிடத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே பார்கள் உருகின. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர் கேட்டுக்கடியில் வழிந்து அவர்கள் கால்களை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. அவ்வளவு அழகான தண்ணீரை அந்தத் தெரு பார்த்ததேயில்லை.

வழக்கமான நேரம் ஆனதும் பிள்ளைகள் வந்துவிட்டன. இன்றைக்குத் தலைத்துணியில் முடிச்சு இல்லை. ஏமாந்துபோன ஒரு பொடிசு சுற்றுமுற்றும் பார்த்தது, குனிந்தது, ஓடுகிற தண்ணீரைக் கை குவித்து அள்ளி வாய்க்குக் கொண்டுபோனது.

அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் பாய்ந்தன. விரலில்லாத கை, கட்டுப்போட்ட கை, லாரிக்காரன் கை, பெற்றவள் கை, பெறாதவள் கை. எந்தக் கை தட்டிவிட்டது என்று தெரியவில்லை. தண்ணீர் சிதறியது. பொடிசு வீறிட்டது.

யாரோ ஒருத்தி கொதித்து ஆறிய தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பொடிசு முகம் சுளித்துக்கொண்டே குடித்தது. குடித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருக்கோடியில் போலீஸ் வண்டியின் விளக்கு தெரிந்தது. கொக்கியக்கா வலது கையை ஊன்றி எழுந்தாள். ஈரம் சொட்டச் சொட்ட, கேட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க எழுந்து நின்றது.