அரக்குச் சேலையில் மணல்

"கார் முக்கு திரும்பிருச்சுங்க!" வாசலிலிருந்து கத்தினார் வேலுசாமி.

ஸ்டூல் மேல் நின்ற ஷாஹீனின் வாயில் ஒரு ஸ்குரூ, கையில் இன்னொன்று. இரண்டும் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் சீலிங் கம்பியில் தொங்கும் அந்தக் கறுப்புப் பெட்டி, வருகிற விருந்தாளியின் தலையில்தான் இறங்கும்.

"கொஞ்ச நேரம் அவங்களை வாசல்லயே நிறுத்தி வைங்கண்ணா!"

"மோர் குடுத்து நிறுத்தறேன், நீ ஆகற வேலையைப் பாரு சாமி" என்றாள் பாவாயி, வேலுசாமியின் மனைவி. இளம்பிள்ளையில் பன்னிரண்டு விசைத்தறி ஓடும் அந்த வீட்டின் உண்மையான முதலாளி அவள்தான். வேலுசாமிக்கும் அதில் மறுப்பு இல்லை.

மூலை நாற்காலியில் மொய்தீன் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஷாஹீனின் அத்தா. சேலத்தில் நூல் வியாபாரம். இந்த வீட்டுக்கு நூல் போடுகிற பழக்கத்தில்தான் மகளின் பெட்டிக்கும் இங்கே இடம் கிடைத்திருந்தது.

"பார்த்தும்மா. விழுந்தா பெட்டி தப்பிச்சிடும். நீதான் உடைவே."

"துஆ செய்ங்கத்தா. பயம் காட்டாதீங்க."

கடைசித் திருகு ஏறியது. ஷாஹீன் குதித்து இறங்கினாள்.

பெட்டி ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வண்ண லேசர் டயோடுகள். ஒவ்வொன்றும் உளுந்தைவிடச் சிறியது. பழைய புரொஜக்டரில் பல்பு எரியும், கொதிக்கும், சீக்கிரமே மங்கும். அரக்கு நிறத்தைக் கேட்டால் செங்கல்லைக் காட்டும். டயோடின் சிவப்பு அப்படியல்ல. அரக்கு என்றால் அரக்கு. பச்சை லேசருக்கு முன்பெல்லாம் சுற்றி வளைத்து வேலை செய்ய வேண்டும். நேரடியாகப் பச்சை உமிழும் டயோடு வந்த பிறகுதான் பெட்டியே இவ்வளவு சின்னதாயிற்று.

வேலை இதுதான். ஒரு வெள்ளைச் சேலையைத் தொங்கவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனை அதன் மேல் ஒளியாக ஊற்றுவது. பிடித்தால் தறியில் போடலாம். ஒவ்வொரு மாதிரியையும் நெய்து காட்டிவிட்டு, "பார்டர் இன்னும் கொஞ்சம் டார்க்கா இருக்கலாமே" என்று கேட்டுத் தலையில் கைவைக்க வேண்டாம்.

இதற்காக பெங்களூர் லேசர் கம்பெனியில் ஒரு வருஷம் விடுப்பு கேட்டு, சேலம் அஸ்தம்பட்டியில் வேலைக்கென்று ஒற்றை அறை பிடித்து உட்கார்ந்தவள் ஷாஹீன். விடுப்பு திங்கட்கிழமையோடு முடிகிறது. இன்று வருகிற அனிதா, நாமக்கல்லின் பெரிய ஜவுளிக்கடைக்குக் கொள்முதல் பார்ப்பவர். அவர் வாங்கினால் விலை போகும் முதல் பெட்டி இது. வேண்டாமென்றால் ஷாஹீன் பெங்களூர் பஸ் ஏற வேண்டும்.

அனிதா உள்ளே வந்தார். மெல்லிய குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"எங்கே உங்க மந்திரப் பெட்டி?"

ஜன்னல்கள் சாத்தப்பட்டன. ஷாஹீன் பட்டனைத் தட்டினாள். சுவரோரம் கம்பியில் தொங்கிய வெள்ளைச் சேலை நொடியில் அரக்கானது. மயில்கழுத்துப் பார்டர். உடல் முழுக்கத் தங்கப் புட்டாப் பூக்கள்.

"அடேயப்பா!" அனிதா எழுந்து கிட்டே போனார். அப்படியே நின்றார். தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார்.

"ஏன் இப்படி மணல் தூவின மாதிரி இருக்கு?"

ஷாஹீன் சேலையருகே போய்ப் பார்த்தாள். ஆமாம். உடல், பார்டர், புட்டா எல்லாவற்றிலும் பொடிப்பொடியாக மினுக்கல்.

முதல் சந்தேகம் சிவப்பு டயோடு மேல். மூன்றில் சூடு தாங்காதது அதுதான். சூட்டைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. லென்ஸைத் துடைத்தாள். மணல் போகவில்லை. பாவாயி வேறொரு வெள்ளைச் சேலை கொண்டுவந்து மாட்டினாள். அதிலும் மணல்.

"நேத்து வரைக்கும் பாலாட்டம் வழுவழுன்னு இருந்துச்சுங்க மேடம்" என்றார் வேலுசாமி பரிதாபமாக. "சத்தியமாங்க!"

அனிதா கைப்பையை எடுத்தார். "பரவால்லம்மா. இன்னொரு நாள் பார்க்கலாம்."

கொள்முதல்காரர்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம். இனி வரமாட்டேன்.

ஷாஹீன் கண்ணை மூடினாள். அதே பெட்டி. அதே கம்பி. மூன்று வாரமாக இங்கேதான் ஓட்டிப் பார்க்கிறாள். ஒரு பொட்டு மணல் கிடையாது. இன்று எது மாறியது? சுவரில் கை வைத்தாள்.

சுவர் அசையாமல் கிடந்தது.

"அண்ணா! தறியெல்லாம் ஏன் நின்னுருக்கு?"

கரண்ட் போனாலோ, தெருவில் இழவு விழுந்தாலோ ஒழியப் பகலில் நிற்காத தறிகள். வேலுசாமி பாவாயியைப் பார்த்தார். பாவாயி சீலிங்கைப் பார்த்தாள். மொய்தீன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடினார்.

"ஒரு மரியாதைக்கு..." என்று இழுத்தார் வேலுசாமி.

"ஓட்டச் சொல்லுங்க! பன்னிரண்டும்!"

பின்கட்டில் ஸ்விட்சுகள் விழுந்தன. கடகடவென்று வீடே அதிர்ந்தது. டீ கிளாஸ் நடுங்கியது. சேலையும் நடுங்கியது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

மணலைக் காணோம். பட்டு மாதிரி வழுவழுவென்று அரக்கு.

"என்ன பண்ணினே?" அனிதா கத்தினார்.

ஒரு பொய் ஷாஹீனின் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது.

"என் கணக்கு தப்பு மேடம்!" பதிலுக்குக் கத்தினாள். "லேசர் வெளிச்சம் எல்லாம் ஒரே ஒழுங்கான அலை. துணியோட சொரசொரப்புல பட்டுச் சிதறி, ஒண்ணோட ஒண்ணு கலக்கறப்போ புள்ளி புள்ளியா ஆயிடும். துணி நடுங்கினா, புள்ளி கண்ணுல பதியறதுக்குள்ள இடம் மாறிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் இம்மி இம்மி வித்தியாசமா ரெண்டு மூணு டயோடு சேர்த்தேன், அதுலயே புள்ளி போயிருச்சுன்னு நம்பிட்டேன். போக்கினது தறி!"

"அதுக்காக நாமக்கல் கடையில பன்னிரண்டு தறியை மாடி ஏத்தவா?"

பாவாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஷாஹீன் சிரிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"தறிய நிறுத்துங்கண்ணா. உங்க போனைக் குடுங்க."

தறிகள் ஓய்ந்தன. மணல் திரும்பி வந்தது. வேலுசாமியின் போனை வைப்ரேஷனில் போட்டு, பாவு நூலால் சேலைக் கம்பியோடு இறுகக் கட்டினாள்.

"அத்தா, அண்ணன் நம்பருக்குப் போடுங்க."

மொய்தீன் போட்டார். போன் உறுமியது. கம்பி அதிர்ந்தது. அரக்குச் சேலை தலைப்பிலிருந்து கீழ்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, மணலை உதறிவிட்டு நின்றது.

அனிதா கிட்டே போய், பார்டரையும் புட்டாவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போனுக்குப் பதிலா சின்னதா ஒரு மோட்டார். கம்பிக்குள்ளயே வெச்சிடறேன் மேடம். சத்தமே வராது."

"வெச்சு, அடுத்த வாரம் நாமக்கல் கொண்டு வா. மாட்டறதுக்கு நீயேதான் வரணும்." அனிதா சிரித்தார். "தப்பை மறைக்காதவங்ககிட்ட வாங்கறதுதான் எனக்குப் பழக்கம்."

கார் கிளம்பிப் போயிற்று. பாவாயி ஓடிவந்து ஷாஹீனின் கன்னத்தைக் கிள்ளினாள். பெங்களூர் பஸ்ஸுக்கு இனி ஒரு டிக்கெட் குறைவு.

"எல்லாம் சரி" என்றாள் ஷாஹீன், மோரை ஒரே மடக்கில் இறக்கிவிட்டு. "தறியை நிறுத்தச் சொன்ன அந்த மகானுபாவர் யாரு? வேலுசாமிண்ணா, நீங்கதானே?"

"அட, நானில்லைங்க அம்மிணி."

"அப்ப அக்காவா?"

"ஏனுங் பாய், நீங்களே சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுமா?" என்றாள் பாவாயி.

மொய்தீன் செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

"உங்கத்தாதான் கண்ணு. காத்தால நீ வாரதுக்கு மின்னாடியே வந்து ஒவ்வொரு தறிக்காரங்ககிட்டயும் நின்னு கேட்டுக்கிட்டாரு. 'எம்பொண்ணு பேசறது ஒரு வார்த்தை விடாம அந்தம்மா காதுல விழோணும், கார் வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்திருங்கப்பா'ன்னு."