கட்டிலுக்குப் பூட்டிய ஹீட்டர்

றொய்சன் தாய்க்கென்று பேஸ்மென்ற்றில் ஹீட்டர் பூட்டிய கதையைக் கேளாத தமிழ்ச்சனம் கனடா ஸ்காபரோவில் குறைவு. இரவு மலிவுக் கரண்டில் உள்ளேயிருக்கும் கற்களைச் சுடவைத்து, பகல் முழுக்க அந்தச் சூட்டை மெல்ல மெல்ல வெளியே விடுகிற சாமான் அது. பெருமை அடிக்க நல்ல சாமான்தான் என்று தாய் பேர்ணடெற் மனதுக்குள் கறுவிக்கொள்வாள்.

பகலில் அவள் எங்கே கீழே இருக்கிறாள்? விடிய எழும்பி மேலே போனால் பேரப்பிள்ளைகள், சமையல், உடுப்பு என்று குனிந்து நிமிர்ந்து நாரி முறியும். எல்லாம் முடித்துப் படுக்க வரும்போது கல் ஆறிப்போய்க் கிடக்கும். இரண்டு சுவெற்றரும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் படுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபட்டபிறகு றொய்சன் தன் சிநேகிதன் டெனிசனைக் கூட்டிவந்து ஹீட்டரைக் காட்டினான். டெனிசன் தொட்டுப் பார்த்தான்.

"என்ன மச்சான், குளிருது?"

"பகல் முழுக்கச் சூடு விட்டிட்டுதடா. இனி இரவுதான் திரும்ப ஏறும். அம்மாவைக் கேள், எவ்வளவு சுகமெண்டு சொல்லுவா."

மேலேயிருந்து இறங்கிவந்த பேர்ணடெற் ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள்.

"ஓம் தம்பி, நல்ல சுகம். நான் மேல சட்டி கழுவிற நேரமெல்லாம் என்ர கட்டில் கீழ சூடு காயுது."

டெனிசன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த மாதம் மன்னாரிலிருந்து அவனுடைய தாயும் வருகிறாள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. ஹீட்டரின் பெயர் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.