மிச்ச மருந்து

"ராத்தா, இதக் கொஞ்சம் உள்ள வச்சிருங்க. பேரு எழுதி ஒட்டியிருக்கேன்."

இப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது ஒரு பெண் கடைக்குள் கையை நீட்டாத வாரமே கிடையாது. டயகமப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பாதை வளைகிற இடத்தில் பாவாவின் கடை. கீழே தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் மூன்று லயங்கள். அந்த மூன்றிலும் ஒரு வீட்டில்கூட பிரிஜ் இல்லை. கடையில் இருந்தது. மேல்தட்டில் சோடா, நடுவில் யோகட், கீழ்த்தட்டில் பிள்ளைகளின் மருந்து. தோட்டத்து டிஸ்பென்சரியில் தூள் போத்தலுக்குள் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்கிற பென்சிலின். கலக்கிய பிறகு அது குளிரில் இருக்க வேண்டும் என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லி அனுப்புவார். குளிருக்கு எங்கே போவது? எல்லாரும் பாவாவின் மனைவி கமறியா ராத்தாவிடம்தான் வருவார்கள்.

"இந்த ஊரே ஒரு பிரிஜ்தானே. இதுக்குள்ள இன்னொரு பிரிஜா?" என்பார் பாவா.

"பகல் பத்து மணிக்கு அவங்கட தகரக் கூரைக்குக் கீழ போய் நில்லுங்களேன். வெறைக்குதா வேகுதான்னு தெரியும்."

"நான் வெந்துட்டா கடைய யாரு பாக்குற?"

"நான்தானே இப்பவும் பாக்குறேன்."

பாவா சோடாப் போத்தல்களை அடுக்கப் போய்விடுவார். கமறியாவுக்கு அந்தக் கீழ்த்தட்டில் ஒரு பெருமை இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் பெண்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். போத்தலை நன்றாகக் குலுக்கி, அளவுக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மலைக்குப் போவார்கள். சாயங்காலம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் மறுபடி வருவார்கள். எந்தப் பிள்ளைக்கு எத்தனை கரண்டி என்பது கமறியாவுக்கு மனப்பாடம்.

மதுரன் என்ற பையனின் போத்தல்தான் அப்படி நின்றுபோனது. தொண்டை வலி, காய்ச்சல். நாலாம் நாள் பையன் விளையாடக் கிளம்பிவிட்டான். அவன் தாய் அதன் பிறகு வரவில்லை. பாதி போத்தல் கீழ்த்தட்டின் ஓரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது.

"அதத் தூக்கி வீசு, இடத்த அடைக்குது" என்றார் பாவா.

"மருந்த யாராவது வீசுவாங்களா? சும்மா இருங்க."

அந்த மாதம் பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் டிஸ்பென்சரி பூட்டு. சனிக்கிழமை பின்னேரம் நடு லயத்து நிஷாந்தி மகள் கிருஷாந்தியை முதுகில் சுமந்துகொண்டு படியேறி வந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, முதுகில் துணிமூட்டைபோலக் கிடந்தது.

"ராத்தா, ஒரு பனடோல் குடுங்க. உடம்பு அனலாக் கொதிக்குது. எச்சி முழுங்க மாட்டேங்குறா."

கமறியா பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். தொண்டை சிவந்து, வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி வைத்திருந்தது.

"மதுரனுக்கும் இதேதான் மகள். இந்தா, அவன்ட மருந்து பாதி இருக்கு. ரெண்டு நேரமும் ஒரு கரண்டி குடு. அவனுக்கு மூணே நாள்ல விட்டிருச்சி."

"அது அவன் மருந்தாச்சே ராத்தா."

"அவனுக்கு வேணாமாம். வீணாப் போறதுக்கு ஒம் புள்ளைக்கு ஆவட்டும்."

நிஷாந்தி கும்பிட்டாள். பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்துத்தான் அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். மருந்து கையில் கிடைத்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் இல்லை. செவ்வாய்க்கிழமை போத்தல் காலி. புதன்கிழமை கிருஷாந்தி பள்ளிக்கூடம் போகிற வழியில் கடை வாசலில் நின்று, "ராத்தா, எனக்குச் சொகம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கமறியா அவளுக்கு ஒரு டொபி கொடுத்தாள்.

மூன்று கிழமை கழித்து அந்தப் பிள்ளையின் முழங்கால் வீங்கியது. மறுநாள் கணுக்கால். அதற்கு மறுநாள் மணிக்கட்டு. படியேறினால் மூச்சு வாங்கியது. இந்தத் தடவை நிஷாந்தி கடைப் பக்கம் வரவில்லை. நேராக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

செய்தி கொண்டுவந்தவள் நிஷாந்தியின் நாத்தனார், புருஷனின் அக்கா மீனம்மா. அடுத்த வீட்டுக்காரி. கடையில் பருப்பு வாங்க வந்து, வாங்காமலே நின்று பேசினாள்.

"நெஞ்சுக்குள்ள வால்வு கெட்டுப் போச்சாம் ராத்தா. எட்டு வயசுப் புள்ளைக்கு."

"யா அல்லாஹ். அது எப்புடி?"

"தொண்டைல வந்த கிருமியாம். அதச் சரியாக் கவனிக்காம விட்டா இப்புடி ஆகுமாம். அப்ப என்ன மருந்து குடுத்தேன்னு டாக்டர் கேட்டிருக்காரு. ஒன்னுமே குடுக்கலன்னு சொல்லிருக்கா. வெக்கமே இல்லாம. புள்ள அனலாக் கொதிச்சப்ப வீட்டுலயே வச்சிருந்துட்டு, திங்கக்கெழம கொழுந்துக்குப் போனவதானே. நான் தம்பிக்கு கொழும்புக்கு போன் போட்டு எல்லாத்தயும் சொல்லிட்டேன். அவன் இப்ப அவகூடப் பேசறதில்ல."

கமறியாவின் கை பருப்பு மூட்டைக்குள்ளேயே நின்றது. ஒன்றுமே கொடுக்கவில்லை என்று ஏன் சொன்னாள்?

"எவ்வளவு வேணும் மீனம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனாள். முழங்கால் வலிக்கு எண்ணெய் கேட்கிற சாக்கு. ஐயா எண்ணெயை அடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஐயா, கலக்கின மருந்து எத்தன நாள் நிக்கும்?"

"பிரிஜுக்குள்ள வச்சா ஏழு நாள். எட்டாம் நாள் கீழ ஊத்திரணும். அப்புறம் அத மருந்துன்னு நம்பக் கூடாது. ஏன் ராத்தா?"

"சும்மாதான். புள்ளைங்கட போத்தல் என்கிட்ட இருக்குதே."

"ஒரு புள்ளைக்கு எழுதினத இன்னொரு புள்ளைக்குக் குடுக்கவும் கூடாது. நிறை வேற, அளவு வேற. செல புள்ளைக்கு பென்சிலினே ஒத்துக்காது, மூச்சு அடைச்சிரும். கேட்டுத்தான் குடுக்கணும்."

"குடுத்துக் காய்ச்சல் விட்டிருச்சின்னா?"

"காய்ச்சல் தன்னாலயும் விடும். கிருமி போயிட்டுதுன்னு அர்த்தமில்ல. அதனாலதான் சொகமானாலும் சொன்ன நாள் முழுக்கக் குடிக்கச் சொல்றோம்." ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல ஐயா."

சொல்லிவிட்டாள். திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். முழங்காலில் வலி உண்மையாகவே வந்திருந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அன்று பின்னேரமே நிஷாந்தி கடைக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போய், சேலை தோளில் நிற்காமல் நழுவியது. கையில் இரண்டு போத்தல்கள்.

"பத்து நாள் குடுக்கணுமாம். காலைலயும் சாயந்தரமும், வெறும் வயித்துல. இது கலக்கினது. இன்னொன்னு தூளாவே இருக்கட்டும், ஏழு நாள் முடிஞ்சதும் டிஸ்பென்சரில கலக்கிக்கச் சொன்னாங்க. அப்புறம் ஊசியாம்."

கமறியா போத்தலை வாங்கவில்லை.

"நிஷாந்தி, அந்த மருந்து பழசு மகள். அது வேல செய்யாது. எனக்குத் தெரியாமப் போச்சு."

"தெரியும் ராத்தா."

"ஒனக்கு எப்புடி?"

"அங்க பக்கத்துக் கட்டில் பொம்பளைக்கு நர்சம்மா சொல்லிக்கிட்டிருந்தாங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பொறகு ஏன் ஒன்னுமே குடுக்கலன்னு சொன்ன? ஊரே ஒன்னயத் திட்டுது."

நிஷாந்தி பிரிஜைப் பார்த்தாள்.

"ஒங்க பேரச் சொன்னா பாவா நானா பயந்துபோய் அந்தத் தட்ட மூடிருவாரு. லயத்துல எத்தன புள்ளைங்க இருக்கு. எம் புள்ளைக்கும் இத வைக்கணும். வேற எங்க போவேன்?"

"அப்ப எம் மேல கோவமில்லையா?"

"இருக்கு ராத்தா. நெறைய இருக்கு. அத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

போத்தல்களை அவளே கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சேலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமறியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். பாவா வாசலில் மறித்தார்.

"நீ குடுத்ததச் சொன்னா கடைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

"வராட்டிப் போகட்டும்."

"போலிசுக்குப் போனா?"

"நானும் கூடப் போறேன். தள்ளுங்க."

தண்ணீர் கொட்டும் பீலியடியில் மீனம்மாவும் நாலைந்து பெண்களும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கமறியா ஈரத்தில் நின்றுகொண்டே சொன்னாள். போயா விடுமுறை, மதுரனின் போத்தல், டிஸ்பென்சரியில் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. மதுரனின் தாயும் அங்கேதான் இருந்தாள். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நிஷாந்தி ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் சேல மாத்திக்கிட்டு வந்தா. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

மீனம்மா கையிலிருந்த துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

"பெரிய டாக்டரம்மா" என்றாள் மீனம்மா. "சோடா விக்கிற எடத்துல மருந்தும் விக்க வந்துட்டாங்க."

"திட்டு மீனம்மா. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. தம்பிக்கு போன் போட்டுக் குடு, அவன்கிட்டயும் நான் சொல்லணும். அதோட, கோவத்துல ஒருத்தரும் மருந்த வீட்டுல வச்சிராதீங்க. அது குளிருல இருக்கணும். என்னோட பேச வேணாம், பிரிஜ நீங்களே தெறந்து எடுத்துக்கங்க."

மீனம்மா துவைத்த துணியைப் பிழிந்து கல்லில் போட்டாள். பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

நிஷாந்தியின் புருஷன் தர்ஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையலுக்கு நிற்பவன். கமறியா பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தில் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன்." பிறகு, "போன அவகிட்டக் குடுங்க" என்றான்.

கமறியா போனை நிஷாந்தியின் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் கேட்கவில்லை. நிஷாந்தி, "ம்", "ம்" என்றுதான் சொன்னாள். பிறகு சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். பிள்ளைக்கு நெஞ்சு கெட்டது என்று டாக்டர் சொன்ன நாளில் அழாதவள் அப்போது அழுதாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள்.

மருந்து கொடுத்த அந்தப் பத்து நாளும் நிஷாந்தி மறுபடி படியேறவில்லை. பிள்ளையைப் படியேற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கமறியாதான் போத்தலையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு காலையிலும் சாயங்காலமும் இறங்கி வந்தாள். வாசலில் நிற்பாள். நிஷாந்தி வாங்கி, குலுக்கி, ஊற்றிக் கொடுத்து, போத்தலைத் திருப்பி நீட்டுவாள். எட்டாம் நாள் முதல் போத்தலில் இரண்டு கரண்டி மீந்திருந்தது. கமறியா அதை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் ஐயாவிடம் ஒப்படைத்து, அவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு, புதுப் போத்தலைக் கலக்கி வாங்கி வந்தாள். கடையில் கூட்டம் குறைந்துதான் போயிருந்தது. சில பெண்கள் சாமானுக்கு அகரப்பத்தனை டவுனுக்கே போனார்கள். மருந்து எடுக்க வருகிறவர்கள் பிரிஜைத் தாங்களே திறந்தார்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம் கடைசிக் கரண்டியைக் குடித்துவிட்டு கிருஷாந்தி முகத்தைச் சுளித்தாள்.

"முடிஞ்சிருச்சா ராத்தா?"

"இது முடிஞ்சிருச்சி மகள். இனி மூணு கிழமைக்கு ஒரு ஊசி."

"வலிக்குமா?"

கமறியா நிஷாந்தியைப் பார்த்தாள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒனக்கு இருவத்தொரு வயசாகும் வரைக்குமாவது போடணுமாம்."

"எனக்கு இப்ப எட்டு" என்று சொல்லிவிட்டு, கிருஷாந்தி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பதினெட்டில் அவள் விரல்கள் தீர்ந்துபோயின. அம்மாவின் கை இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. பிள்ளை கமறியாவின் கையைப் பிடித்து இழுத்து, சுண்டு விரலிலிருந்து மீதியை எண்ணினாள்.