ஞாயிறு காலை திறந்த கதவு

“உங்கள் அட்டை திருடப்பட்டதா? ஆம், அல்லது இல்லை. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.”

மதாம் பூஷார் மடிக்கணினியை நிரோஜாவின் பக்கம் திருப்பினார். பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பாதுகாப்பு அதிகாரி அவர். ஐம்பது வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி. சிரித்துப் பழக்கமில்லாத உதடுகள்.

திரையில் நான்காம் மாடி நடைபாதை. ஞாயிறு காலை ஏழு பதினொன்று. சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவன் உயிரணுக்களை வளர்க்கும் கலவளர்ப்பு அறைக்கு முன்னால் நிற்கிறான். அட்டையைக் காட்டுகிறான். பச்சை விளக்கு. உள்ளே போய்விட்டான்.

அவன் ஜியாமிங். அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சீன ஆராய்ச்சியாளன்.

அட்டை நிரோஜாவுடையது!

“இப்படி ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள்,” என்றார் மதாம் பூஷார். “அவருடைய சொந்த அட்டை வார இறுதியில் அந்தக் கதவைத் திறக்காது. காரணம் உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். சீனாவில் அவன் படித்த பல்கலைக்கழகம் ஏதோ ஒரு பட்டியலில் இருந்தது. இராணுவத்தோடு தொடர்பாம். அங்கிருந்து வந்தவர்கள் வார நாட்களில், பக்கத்தில் யாராவது இருக்கும்போது மட்டும்தான் உள்ளே போகலாம் என்று போன வருடம் ஒரு விதி கொண்டுவந்திருந்தார்கள்.

“அவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள் நிரோஜா.

“உங்கள் மேசையிலிருந்து தானே எடுத்தாராம். உங்களுக்கு எதுவும் தெரியாதாம்.”

பச்சைப் பொய். அந்த அட்டையை அவன் உள்ளங்கையில் வைத்து மூடியதே அவள்தான். ஒன்பது தடவையும்.

“எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.”

“ஆம், இல்லை என்று சொல்லவா?” மதாம் பூஷாரின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது. “திங்கள் காலை பத்து மணி. எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவாருங்கள்.”

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சாமத்திய வீடு, பெண் பிள்ளை பெரியவளான சடங்கு.

நிரோஜா வளர்ப்பது இதயத் தசைக் கலங்கள். கண்ணாடித் தட்டில் வைத்துத் தினமும் போஷாக்குத் திரவம் மாற்ற வேண்டும். கலங்களுக்கு ஞாயிறு என்றால் என்னவென்று தெரியாது. மொன்றியல் தமிழர்களுக்கோ ஞாயிறு மண்டபத்துக்கென்றே விடிகிற நாள். அரங்கேற்றம், கலியாணம், செத்தவீட்டு முப்பத்தொன்றாம் நாள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். நாம் போகாத வீட்டார் நம் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டார்கள்.

“உன்ரை கலங்கள் ஒருநாள் பசி கிடந்தா ஒண்டும் ஆகாது,” என்று அன்று அம்மா இந்திராதேவி சேலைக்கு ஊசி குத்தியபடி கத்தினாள். “லவாலிலை சாமத்திய வீட்டுக்கு நாங்கள் போகேல்லையெண்டா, கமலாவதி அக்கா பேந்து என்ரை முகத்திலை முழிப்பாவோ?”

நிரோஜா அட்டையை ஜியாமிங்கிடம் நீட்டினாள். அவன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை அவனுக்கு ஒரு பெட்டி பயத்தம் பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

அன்று மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் அப்படியே உறைந்துபோனாள்.

இரண்டு வருடமாக அவள் கையில் திக்கித் திக்கித் துடித்த கலங்கள், ஒன்றாக, ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு ஞாயிறுதான் அவன் கவனித்திருந்தான்!

ஆய்வுகூடத் தலைவர் பேராசிரியர் டெலோர்மும் பார்த்தார். “யாருடைய கை இது?” என்றார். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் அவருக்கு ஒரே பதில்தான்: “ஜியாமிங்கைக் கேளுங்கள்.” மண்டபம் வந்த மற்ற எட்டு ஞாயிறும் நிரோஜாவும் அவனிடமே அட்டையைக் கொடுத்தாள்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் பிறந்து, பாலர் வகுப்பிலிருந்து பிரெஞ்சில் படித்தவள் நிரோஜா. அவன் எட்டு மாதத்தில் பிரெஞ்சு கற்றுக்கொண்டு பேராசிரியரோடு பகிடி விட்டுச் சிரித்தான். அதுவும் போதாதென்று வீட்டில் அம்மா: “அந்தச் சீனப் பெடியன் பாவம், பணியாரம் பிடிச்சதாமோ? இன்னும் கொஞ்சம் கட்டித் தரட்டே?”

இப்போது ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு நிரந்தரப் பதவி. விண்ணப்பித்தவர்கள் இருவர். நிரோஜாவின் ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது.

‘ஆம், திருடப்பட்டது’ என்று எழுதினால் போதும், அவனை வெளியேற்றிவிடுவார்கள். களத்தில் அவள் மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம், அவன் வாடகைக்கு இருந்த கோட்-டெ-நெய்ஜுக்கு அவனைத் தேடிப் போனாள். அவன் அறைக்கதவு திறந்தே கிடந்தது. புத்தகங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. சோறு அவிக்கும் பாத்திரத்தில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

“ஏன் பொய் சொன்னாய்?”

“இரண்டு பேர் மாட்டுவானேன்? ஒருவர் போதும்,” என்றான் ஜியாமிங், பெட்டிக்கு ஒட்டுநாடா இழுத்தபடி.

நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நல்லவனாக இருப்பதிலும் இவன் என்னை முந்த வேண்டுமா?

“திரும்பிப் போய் என்ன செய்வாய்?” குரலில் பரிவைக் குழைத்துக் கேட்டாள். ஏதாவது கெட்ட செய்தி கேட்கலாம் என்று ஒரு நப்பாசை.

“ஷென்ஜென் நகரம். என் பழைய பேராசிரியர் நேற்றே போன் எடுத்துவிட்டார்.” கைபேசியை நீட்டினான். கண்ணாடியால் ஆன பத்து மாடிக் கட்டடம். “ஆறாம் மாடி எனக்காம். என் கீழே பன்னிரண்டு பேர். நாம் இரண்டு வருடமாக விண்ணப்பம் போட்டுக் கிடைக்காத மைக்ரோஸ்கோப் இருக்கிறதே, அங்கே அது இரண்டு.”

“இரண்டா? எதற்கு?”

“ஒன்று பழுதானால் வேலை நிற்கக்கூடாதாம்.”

“இருக்க இடம்?”

“வாடகை இல்லாத வீடு.” அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். “எனக்குப் போக விருப்பமே இல்லை, நிரோஜா. அங்கே மாதம் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். இங்கே முதல் வருடம் முழுக்க என் பரிசோதனைகள் தோற்றன. டெலோர்ம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படித் தோற்கவிடும் இடம் வேறெங்கும் எனக்குக் கிடைக்காது.”

அவன் சொன்ன கடைசி வசனங்கள் அவள் காதில் ஏறவில்லை. ஆறாம் மாடி! பன்னிரண்டு பேர்!

வீடு திரும்பும் மெட்ரோவில் அவளுக்கு எல்லாம் படமாக ஓடியது. அடுத்த வருடம் ஏதோ ஒரு மாநாடு. மேடையில் கோட் சூட்டோடு ‘இளம் இயக்குநர்’ ஜியாமிங். மண்டபத்தின் கடைசி மூலையில், தன் ஆய்வுச் சுவரொட்டிக்குப் பக்கத்தில், யாரும் வந்து பார்க்காமல் அவள். வயிறு எரிந்தது.

வீட்டில் தம்பி பிரசாந் தொலைக்காட்சிச் செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“சீனாக்காரர் எல்லாரையும் பிடிச்சு அனுப்ப வேணும். இஞ்சை படிச்சுப்போட்டு எல்லாத்தையும் களவெடுத்துக்கொண்டு போறாங்கள்.”

“உங்கடை அப்பா இஞ்சை வரேக்கை எங்களையும் உப்பிடித்தான் கதைச்சவங்கள்,” என்றாள் அம்மா குசினியிலிருந்து. “செக்யூரிட்டி கிளியரன்ஸ் எண்டு ஆறு வருஷம் இழுத்தடிச்சாங்கள்.”

“அது வேறை அம்மா.”

“என்ன வேறை? கேள்வி கேட்டவன் அதே கோட்டுத்தான் போட்டிருப்பான்.”

“தம்பி,” என்று இடையில் புகுந்தாள் நிரோஜா. “ஒருத்தனை இஞ்சையிருந்து துரத்த, அவனுக்கு அங்கை ஒரு முழு மாடியும் பன்னிரண்டு வேலையாக்களும் குடுக்கிறாங்கள் எண்டு வை.”

“பகிடி விடாதை அக்கா. நாங்கள் துரத்த, அவங்கள் மாலை போடுறாங்களோ?”

“ஓம்.”

பிரசாந் தாடியைச் சொறிந்தான். “அப்ப என்னத்துக்கு விடுவான்? இஞ்சையே வச்சு வேலை வாங்கோணும் எல்லோ!”

நிரோஜா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கள். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

மதாம் பூஷார் அவள் நீட்டிய தாளை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

“‘திருடப்படவில்லை. ஒன்பது முறையும் நானே கொடுத்தேன்.’ இதன் விளைவு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“வெள்ளிக்கிழமை வாய் திறக்காதவர் நீங்கள். இரண்டு நாளில் என்ன நடந்தது?”

‘அவன் அங்கே ராஜாவாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது’ என்று சொல்ல முடியுமா?

“மனச்சாட்சி,” என்றாள் நிரோஜா.

மதாம் பூஷாரின் உதடுகள் லேசாக இளகின. “உங்களைப் போன்றவர்கள் அபூர்வம், மதுமுவசெல்.”

மூன்று வாரம் அறையைச் சல்லடை போட்டார்கள். ஒரு துளி திரவம்கூடக் காணாமல் போகவில்லை. திருட்டு இல்லை, பொறுப்பு அட்டையைக் கொடுத்தவளுடையது என்று ஜியாமிங் மீதான விசாரணை மூடப்பட்டது. நிரோஜாவுக்கு ஒரு மாதத் தடையும் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தன.

“உங்கள் நேர்மையை நான் மறக்கமாட்டேன்,” என்றார் டெலோர்ம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “ஆனால் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்போது தேர்வுக்குழுவிடம் நான் எப்படி…”

பதவி ஜியாமிங்குக்கு. அவளுக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம், ஜியாமிங்கின் திட்டத்திலேயே.

தடை முடிந்து வந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“ஏன் உண்மையைச் சொன்னாய்? இந்த வேலை உனக்கு வந்திருக்குமே.”

“நீ அங்கே போய்ப் பெரிய ஆளாவது எனக்குப் பொறுக்கவில்லை,” என்றாள் நிரோஜா.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் மெல்ல நிறுத்திக்கொண்டான்.

“ஷென்ஜென்காரர்கள் விடுவதாக இல்லை,” என்றான், கரண்டியால் சோற்றைக் கிளறியபடி. “நேற்றும் கூப்பிட்டார்கள். சம்பளத்தை ஏற்றிவிட்டார்கள். என் அம்மாவையும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். டெலோர்ம் கொடுத்த ஒப்பந்தத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.”

நிரோஜா சாப்பாட்டுப் பெட்டியை ஒரு பக்கம் தள்ளினாள். எழுந்து, நாற்காலியைத் தூக்கிவந்து அவனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“இங்கே உனக்கு என்ன குறை?” என்று கேட்டாள். “ஒவ்வொன்றாகச் சொல்லு. நானே டெலோர்மிடம் போகிறேன்.”