வியாழக்கிழமைக்கு ஆள்

சங்கத்தின் மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு கிடந்தன. இரண்டு வருஷம் அடுக்கியே வைத்திருந்தால் நாற்காலிக்கும் பாசம் வந்துவிடும் போலிருக்கிறது. மருந்துக்கடைக்காரர் கீழே இருப்பதை மிதித்துக்கொள்ள, இன்சூரன்ஸ்காரர் மேலே இருப்பதைப் பிடித்து இழுக்க, நான் பக்கத்தில் நின்று யோசனை சொல்ல, ஒருவழியாக இருபத்தாறும் வரிசைக்கு வந்தன.

நோய்க் காலம் முழுக்க எங்கள் சேவைச் சங்கம் திரையில்தான் கூடியது. மார்புக்குக் கீழே யாருக்கும் உடம்பே இல்லாத காலம் அது. அதனால் அன்று படியேறி வந்த ஒவ்வொருவரையும் கண்ணாலேயே அளவெடுத்தோம். இன்சூரன்ஸ்காரருக்கு நல்ல தொந்தி. அதைத் திரைக்கு வெளியே எவ்வளவு சாமர்த்தியமாக வளர்த்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டு, அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்திருந்தார். என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. விசாரித்தும் யாரும் சொல்லவில்லை.

தலைவி, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். திரையிலேயே தேர்ந்தெடுத்து, திரையிலேயே மாலை போட்ட மாதிரி ஒரு படம் அனுப்பி முடித்துக்கொண்டோம். சாதாரணப் பெண்மணி இல்லை. என் தங்கை அவரிடம் கார் கற்றபோது, குப்பைத்தொட்டிக்கு ஒரு சாண் இருக்கும்வரை வாயே திறக்கவில்லையாம். பக்கத்து சீட்டில், தன் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்று அவர் கையில் ஒரே ஒரு தாள்தான். பேருந்து ஓடாத நாட்களில், டயாலிசிஸுக்குப் போகவேண்டிய ஏழு பேரைத் தன் பயிற்சிக் கார்களில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தொடங்கியவர் அவர். சங்கமும் அதைத் தன் திட்டமாக ஏற்றது. திரையில் இருபத்தாறு கட்டைவிரல் படங்கள் டபடபவென்று மேலே பறந்தன. மறுநாள் காலை வண்டியோடு வந்தது அவரும் மருந்துக்கடைக்காரரும். ஒன்றரை வருஷமாக அந்த இரண்டு பேர்தான். இப்போது திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூல் திறக்கிறது. கார்கள் மாணவர்களுக்கு வேண்டும்.

"தாள்ல பன்னெண்டு கட்டம் இருக்கு, கட்டத்துக்கு ஒரு ஆள் வண்டியோட வேணும்," என்று நாற்காலி துடைத்தபடி என்னிடம் சொன்னார். "இன்னிக்கு நிரம்பலேன்னா, நாளைக்கு ஏழு வீட்டுக்கும் போன் போட்டு இனிமே வண்டி வராதுன்னு சொல்லணும். அதுல மூணு பேரு தனியா மாடிப்படி இறங்க மாட்டாங்க."

"நிரம்பிடும், விடுங்க," என்றேன். சும்மா ஒரு பேச்சுக்கு.

வரவேற்பு முடிந்து அவர் தாளை எடுப்பதற்குள் காண்ட்ராக்டர் எழுந்துவிட்டார். பதினோரு வருஷம் தலைவராக இருந்த மனிதர். "தலைவி அனுமதிச்சா ரெண்டே ரெண்டு வார்த்தை." விஷயம் பேருந்து நிழற்குடை. தூண் எத்தனை, கூரை எப்படி, எல்லோர் பெயரும் பொறித்த பளிங்குப் பலகை எந்தப் பக்கம். பேச ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வார். அது அவர் பாணி.

இங்கேதான் அந்த அநியாயம் நடந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, சத்தியமாக. இரண்டு வருஷமாக அவர் தொண்டையைக் கனைத்ததும் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். அவருடைய ஓர் உரை முடிவதற்குள் நான் ஒரு கிலோ பட்டாணி உரித்திருக்கிறேன். முதலில் இன்சூரன்ஸ்காரர் எழுந்தார், சோம்பல் முறித்தார், நடந்தார். பின்னாலேயே நாலு பேர். பிறகு ஒரு வரிசை. பாதிப் படி இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் எழுந்து வந்தது எல்லோருக்கும் தெரியும் என்று.

கீழே டீ மேஜையைச் சுற்றி மொத்தச் சங்கமும் நின்றது.

"அடப்பாவிங்களா," என்றார் மருந்துக்கடைக்காரர். "கேமராவ யாருமே அணைக்கலையே."

மேலே போக எவருக்கும் முகமில்லை. மாடியிலிருந்து காண்ட்ராக்டரின் குரல், மழைத் தண்ணீர் வடிகால் பற்றி, தெளிவாக இறங்கி வந்தது.

டீச்சர் கீழே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் டீ கப்புகளை ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தார்.

"அன்னிக்குக் காட்டுனீங்கல்ல கட்டைவிரல். அதே விரலால பேனா பிடிங்க, போதும்."

"எனக்குக் காலையில கொஞ்சம் சிரமம் மேடம்," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"அது... ஆறு."

"நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரி போறவங்க நாலு மணிக்கே எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. செவ்வாய்க்கிழமை போட்டுக்கறேன்."

குற்ற உணர்ச்சியோடு நிற்கிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது சுலபம் என்று அன்று கண்டேன். சனிக்கிழமை சாயங்காலத்தை நானே கேட்டு வாங்கினேன். நான் வண்டி ஓட்டும் லட்சணம் தெரிந்த டீச்சர், "மெதுவா," என்று மட்டும் சொன்னார்.

பதினொன்று நிரம்பின. வியாழன் காலை மட்டும் வெறுமையாக நின்றது. அது ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரின் நாள். அவர் தனிக்கட்டை; ஒருமுறை சிகிச்சை நடுவே மயங்கியதிலிருந்து, நாலு மணி நேரமும் கூடவே ஆள் இருக்கவேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் டீயைக் குனிந்து பார்த்தோம்.

மேலே குரல் நின்றது. வாக்கியத்தின் நடுவில் நின்றது.

பிறகு படியில் செருப்புச் சத்தம், ஒவ்வொன்றாக. காண்ட்ராக்டர் கடைசிப் படியில் நின்று எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை நான் திரையில் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் இப்படித்தானா என்று அது கேட்டது. மருந்துக்கடைக்காரர் ஒரு டீயை நீட்டினார்; அவர் வாங்கவில்லை.

"அண்ணே," என்றார் டீச்சர். "வியாழக்கிழமைக்கு ஆள் இல்ல."

"டிரைவர அனுப்பறேன்."

"டிரைவர் வேணாம். உங்களத்தான் கேக்கறேன். அந்தப் பெரியவருக்கு நாலு மணி நேரமும் யாராச்சும் பேசிட்டே இருக்கணும். போன வாரம் என்கிட்ட, 'நீ ஊமையாம்மா, அந்த ரேடியோவையாவது போடு'ன்னாரு. படுத்த எடத்துலருந்து அவரால எந்திரிச்சுப் போகவும் முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரருக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது.

காண்ட்ராக்டர் தாளருகே வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினோரு பெயர்களையும் மேலிருந்து கீழே படித்தார்.

"காது எப்படி அவருக்கு?"

"பாம்புக் காது."

பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, அந்த வெறும் கட்டத்தின் மேல் குனிந்தார். நாங்கள் இருபத்துநாலு பேர், பாதி தூக்கிய கப்போடு, ஒருவர்கூடக் காலை நகர்த்தாமல் நின்றுகொண்டிருந்தோம்.